பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களையும் சேர்த்துவிட்டார்களா? முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

பக்கத்து வீட்டுத் தங்கச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "எக்கா, ஸ்கூல் கமிட்டியில எம்பேரையும் சேத்துட்டாவ. கையெழுத்து போடச் சொன்னாவ, போட்டேன். இனி நான் என்ன செய்யணும்?"

அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும், இந்தக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும்.

படி 1: உங்கள் பள்ளி யாருடையது?

பள்ளி வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று வாசியுங்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தொடக்கப்பள்ளி என்றால் 'ஊராட்சி ஒன்றிய' என்ற சொல் பலகையில் இருக்கும். நம் பக்கம் பெரும்பாலும் 'அரசு தொடக்கப்பள்ளி' என்றே இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தோம். அங்கே 1817இலேயே, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டிருந்தார். அந்த வழியில் வந்த அரசுப் பள்ளிகள் இன்றும் அரசுப் பள்ளிகளாகவே தொடர்கின்றன. இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஆணையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறையும்.

இரண்டாவது வகை அரசு உதவிபெறும் பள்ளி. மிஷன் காலத்திலிருந்தே நம் மாவட்டத்தில் இவை ஏராளம். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, ஆனால் நிர்வாகமும் நியமனமும் தாளாளர் கையில். இங்கும் மேலாண்மைக் குழு உண்டு. ஆனால் சிறுபான்மையினர் நடத்தினாலும் வேறு யார் நடத்தினாலும், உதவிபெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. சுயநிதிப் பள்ளிக்கு இந்தக் குழுவை அமைக்கச் சொல்லும் சட்டப்பிரிவே பொருந்தாது. நான் இனி எழுதுவது முழுக்க அரசுப் பள்ளியைப் பற்றி.

படி 2: யாருக்கு மேல் யார்?

நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று மேயரிடம் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னை மாநகராட்சி தனக்கென்று பள்ளிகள் வைத்து நடத்துவதால் வரும் குழப்பம் இது. இங்கே அரசுப் பள்ளிக்கு ஆசிரியரைப் போடுவது மாநிலப் பள்ளிக்கல்வித் துறை.

தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர். நம் மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள்: அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டார், கிள்ளியூர், முன்சிறை, மேல்புறம். அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் நேராக இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் வரும். இரண்டு வழியும் நாகர்கோவிலில் இருக்கும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் போய்ச் சேரும். அதற்கும் மேலே சென்னை நுங்கம்பாக்கத்தில் இயக்குநரகங்கள்.

உங்கள் பள்ளிக்குரிய அலுவலகம் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வரும்போது விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

படி 3: குழுவில் உங்கள் பங்கு

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21. இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுவைப் புதுப்பித்தபோது 20 பேர். 2024இல் அது 24 ஆனது, முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். தலைமையாசிரியர் கூட்டத்தை நடத்திக் கொடுப்பவர். "சாரு சொன்னா சரி" என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவருக்கு இருப்பதும் ஒரு குரல்தான்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் குழுவில் இடம் உண்டு. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வசிப்பதாகப் பதிவானது. அதனால் பலருக்கு அந்தப் பிரதிநிதி பேரூராட்சி வார்டு கவுன்சிலராக இருப்பார். தண்ணீர் இணைப்பு, வடிகால், குப்பை, தெருவிளக்கு என்று மதிலுக்கு வெளியே உள்ளதற்கெல்லாம் அவரைப் பிடியுங்கள். நீங்கள் கிராம ஊராட்சி என்றால், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதனால் இப்போது யாரைப் பார்க்க வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பள்ளியை ஒருமுறை சுற்றி வாருங்கள்

கூட்டத்துக்கு முன்பே, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கழிப்பறைக் குழாயைத் திருகிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? சத்துணவுக் கூடத்தில் புகை போக வழி இருக்கிறதா? வருகைப் பதிவேட்டையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

படி 5: தீர்மானப் புத்தகம்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கூட்டத்தில் நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் புத்தகத்தில் ஏறாதது அலுவலகத்துக்குப் போகாது.

என் மகள் படிக்கும் பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவார்கள். மூன்று மாதம் கூட்டத்தில் பேசினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் புத்தகத்தை வாங்கி வாசித்தேன். மூன்று மாதமும் ஒரே வரிதான் இருந்தது: "கழிப்பறைத் தண்ணீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது."

விவாதித்தோம், சரி. யாரிடம் என்ன கேட்டோம்? அந்த வரியில் அது இல்லை. எந்த அலுவலருக்கும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கோபம் வந்தாலும், அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.

அடுத்த மாதம் இப்படி எழுதினோம்:

"தீர்மானம் 2: பெண்கள் கழிப்பறையில் நான்கு மாதமாகத் தண்ணீர் இல்லை. பயன்படுத்தும் மாணவியர் 47 பேர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறை வரை சுமார் 60 அடி குழாய் மாற்ற வேண்டும். இதைப் பள்ளி மானியத்திலிருந்து இம்மாத இறுதிக்குள் செய்து முடிக்கவும், தொட்டிக்கான கூடுதல் இணைப்பைப் பேரூராட்சியிடம் எழுத்தில் கேட்கவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: தலைமையாசிரியர், குழுத் தலைவர், வார்டு உறுப்பினர்."

எத்தனை பேர், எவ்வளவு நீளம், எந்தப் பணம், எப்போது, யார் பொறுப்பு. இந்த ஐந்தும் இருக்க வேண்டும். முடிவில் 'தீர்மானிக்கப்பட்டது' என்ற சொல் இருக்க வேண்டும். ஆறு வாரத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது.

கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். எழுதாத இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பணம்

பள்ளிக்கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 31 முதல் 100 வரை என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000 என்பது விதி. பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். இந்தக் கணக்கு குழுவின் முன் வைக்கப்பட வேண்டியது. கேட்பதற்குத் தயங்காதீர்கள், பெரும்பாலான தலைமையாசிரியர்கள் ரசீதோடு எடுத்துக் காட்டுவார்கள்.

பெரிய வேலை என்றால் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். அதைத் தயாரிப்பது குழுவின் வேலை, சட்டத்தின் பிரிவு 22. நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே முடிக்க வேண்டும், அதாவது டிசம்பருக்குள். கூரை வேலை எழுதினால் ஏப்ரல், மே என்று குறிப்பிடுங்கள். ஜூனில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் நம் ஊரில் ஓட்டின் மேல் ஆள் ஏற முடியாது.

படி 7: பதில் வராவிட்டால்

தீர்மான நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு, ஒப்புகையோடு. ஒரு மாதம் பாருங்கள். பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையிலும் வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது?" என்ற கேள்வியே பல நேரம் கோப்பை நகர்த்திவிடும். ஆலோசனைக்குக் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது.

மனு எதுவானாலும் முதலில் தலைமையாசிரியருக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள். நாளைக்கும் நம் பிள்ளைகளோடு இருக்கப்போவது அவர்தான்.

தங்கச்சி நேற்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து காட்டினாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு, "அஞ்சாம் வகுப்பு, மின்விசிறி 2, ஓடாதது 1" என்று எழுதியிருந்தாள்.