அமெரிக்கத் தேர்தல் முடிந்த பிறகு நம் பட்டணத்தில் அச்சத்தையும் நம்பிக்கையையும் கையாளும் முறை

அமெரிக்க அதிபர் தேர்தலில், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட்வாசிகளுக்கு வாக்கில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, அங்குக் கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் வாக்குச்சாவடிகள் மூடப்பட்ட இரவு ஏழு மணி நமக்கு நவம்பர் 6ஆம் தேதி காலை எட்டு மணியாக இருந்தபடியால், பசியாறும் நேரத்திலேயே ஒட்டுக்கடை மேசைகளில் கணக்குப் போடுவது தொடங்கிவிட்டது. மாலை ஆறரை மணியளவில் டோனல்ட் டிரம்ப் வென்றுவிட்டார் என்பது உறுதியானதும், புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் குரல் பதிவுகளும் காணொலிகளும் வந்து குவிந்தன. மகன் அங்குப் படிக்கிறான், மகள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், டாலர் ஏறினால் கல்லூரிக் கட்டணம் ஏறும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவலை இருந்தது. கோயில் நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், குழு நடத்துவோர், வீட்டுப் பெரியவர்கள் ஆகியோர் இத்தகைய நாள்களில் செய்யத்தக்கவற்றை இங்கு எழுதுகிறேன். அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7இல் வருகிறது. அதற்கு முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வேலை, அச்சம் யாருடையது என்று பிரித்தறிவது. பத்துப் பேர் கூடிப் பேசும்போது எல்லாரும் ஒன்றையே அஞ்சுவதுபோலத் தோன்றும். தனித்தனியே கேட்டால் ஒருவருக்கு விசா, இன்னொருவருக்கு வேலை, மூன்றாமவருக்கு உலகமே கெட்டுப்போகிறது என்ற ஆற்றாமை. விசாவுக்கும் வேலைக்கும் செய்வதற்குச் சில காரியங்கள் உண்டு. ஆற்றாமைக்குக் காது கொடுப்பதைத் தவிர உடனடியாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவற்றைக் கலந்துவிட்டால், படிவம் நிரப்ப வேண்டியவர் புலம்பிக்கொண்டிருப்பார். புலம்பித் தீர்க்க வேண்டியவருக்கு நாம் படிவத்தை நீட்டுவோம்.

அடுத்தது, செய்தி வேறு, உத்தரவு வேறு, நடைமுறை வேறு என்பதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வது. அமெரிக்க அமைப்பில் தேர்தல் நாளிலேயே எதுவும் மாறிவிடுவதில்லை. நவம்பரில் மக்கள் வாக்களிக்கிறார்கள், டிசம்பரில் தேர்வாளர்கள் (மாநிலங்களின் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கும் பிரதிநிதிகள்) கூடுகிறார்கள், ஜனவரி 6இல் நாடாளுமன்றம் அந்த வாக்குகளை எண்ணுகிறது, ஜனவரி 20இல்தான் புதிய அதிபர் பதவியேற்கிறார். பதவியேற்ற பின்னும் அவர் கையொப்பமிடுவதெல்லாம் மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. அந்நாட்டு மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கிடைக்கும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் உத்தரவில் டிரம்ப் 2025 ஜனவரி 20இல் கையொப்பமிட்டார். சியாட்டலில் ஒரு நீதிபதி ஜனவரி 23இலேயே அதற்குத் தற்காலிகத் தடை விதித்தார். அந்த மூன்று நாள்களுக்குள் அங்குள்ள கர்ப்பிணி உறவினர்களை நினைத்து நம்மவர்கள் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள்!

எனவே எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இதை வெளியிட்டது எந்த அலுவலகம், எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, யாருக்குப் பொருந்துகிறது. சான்றாக, இப்படி ஒரு செய்தி குழுவில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்: “அவசரம்! அமெரிக்கா மலேசிய மாணவர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்புகிறது. பத்துக் குழுவுக்கு அனுப்பவும்.” இதில் அலுவலகப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, ‘எல்லாரையும்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. குழுப் பொறுப்பாளர் அனுப்பியவரைச் சபையில் வைத்துத் திட்டாமல், “அக்கா, இது எந்த அலுவலகம் சொன்னதுன்னு இதுல இல்லையே. தம்பி படிக்கிற பல்கலைக்கழகத்துலேர்ந்து கடிதம் ஏதும் வந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க. வந்திருந்தா நாம சேர்ந்து படிப்போம்” என்று எழுதினால் போதும். அந்த அக்கா தலைகுனிய வேண்டியதில்லை. செய்தியும் அத்தோடு நிற்கும். உள்நாட்டுத் தொடர்புடைய வதந்தியானால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபனார்ஞா’ இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

மாணவர்களின் பெற்றோர்

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்வது: செய்தித் தொகுப்பாளரைவிடப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தை நம்புங்கள். 2024 தேர்தலுக்குப் பின் பல பல்கலைக்கழகங்கள், விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற மாணவர்கள் பதவியேற்பு நாளான ஜனவரி 20க்கு முன் திரும்பிவிடுவது நல்லது என்று முன்கூட்டியே அறிவுறுத்தின. அந்த அறிவுரையில் பதற்றமும் இல்லை, அலட்சியமும் இல்லை. நாமும் அந்த அளவில் நின்றுகொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் பயணத்துக்கான கையொப்பம் காலாவதியாகாமல் இருக்கிறதா, கடப்பிதழுக்கு எத்தனை மாதம் மீதமிருக்கிறது, விசா எப்போது முடிகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகளை அமெரிக்க வெளியுறவுத்துறை உலகெங்கும் நிறுத்தி வைத்தது. ஜூன் 18இல், விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பிறர் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற புதிய நிபந்தனையோடு மறுபடி தொடங்கப்போவதாக அறிவித்தது. இடையில் ஏறத்தாழ மூன்று வாரம். அந்த நிறுத்தம் உண்மையான செய்தி; அதற்கு அஞ்சியதில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் சேர்க்கைக் கடிதத்தைக் கைவிட்டவருக்கு ஏற்பட்ட நட்டமும் உண்மையானதே. உறுதியான செய்தியாக இருந்தாலும், திரும்பப் பெற முடியாத முடிவை அந்த வாரத்திலேயே எடுக்காதீர்கள்.

டாலர் மாற்று விலையிலும் இதே நிதானம் வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.12 ரிங்கிட் இருந்தது, ஆண்டு முடிவில் 4.47 அளவுக்குப் போயிற்று. ஐந்து ரிங்கிட்டைத் தொடும் என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். 2025 முடிவில் அது 4.10க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆகவே கட்டணத்துக்கான பணத்தை ஒரே நாளில் மொத்தமாக மாற்றாமல், தவணைகளுக்கு ஏற்பப் பிரித்து மாற்றுங்கள். நகையை அடகு வைத்து டாலர் வாங்குவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்

நம் பட்டணத்தில் பால்வெட்டும் செம்பனையும் மட்டும் சோறு போட்ட காலம் மாறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி ஈப்போ பக்கமும் கமுந்திங் பக்கமும் போகிறார்கள். அங்குச் செய்யப்படும் பொருள்களில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. இவர்களின் அச்சத்துக்கு ஒரு பெயர் உண்டு: அமெரிக்காவின் இறக்குமதி வரி.

அந்த வரி நடந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தேர்தல் மேடைகளில் எல்லா இறக்குமதிக்கும் 10 முதல் 20 விழுக்காடு என்று பேசப்பட்டது. 2025 ஏப்ரல் 2இல் மலேசியாவுக்கு 24 விழுக்காடு என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் அதைத் தொண்ணூறு நாள்களுக்கு ஒத்திவைத்து, 10 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஜூலை 7இல் வந்த கடிதம் 25 என்றது. ஆகஸ்டில் 19 ஆயிற்று. ஏப்ரலில் 24ஐக் கேட்டுப் பதறி வேலையை விட்டவரும், அடுத்த வாரமே “எல்லாம் சரியாகிவிட்டது” என்று புதிய மோட்டார் சைக்கிளுக்குக் கடன் போட்டவரும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள்: நகர்ந்துகொண்டிருக்கும் எண்ணை முடிவான எண்ணாகக் கொண்டார்கள். இத்தகைய காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் குடும்பத் திட்டத்தை மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டால், அன்றாட அறிவிப்புகள் வீட்டை ஆட்டிப்படைக்காது.

உண்மையாகவே ஆட்குறைப்பு வந்தால் என்ன செய்வது என்பதைத் தெரிந்து வைத்திருப்பவருக்குப் பாதி அச்சம் குறைந்துவிடும். வேலை ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 6 வாரமும், அதற்கு மேற்பட்டவருக்கு 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்கப்பட வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் பெற்று, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவராயின், ஆட்குறைப்பின்போது இழப்பீடும் உண்டு. பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம் என்று அது கணக்கிடப்படும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவின் வேலைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த அறுபது நாளைத் தவறவிடுவோர் பலர். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் காரணம். சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டாவது பத்திரப்படுத்துங்கள். கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த விதிகளைப் படித்துக் காட்டினால், பத்துக் கூட்டங்களில் உலக அரசியல் பேசுவதைவிட அதிகப் பயன் கிட்டும்.

நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும்

அச்சத்தை ஆராயச் சொன்னால் கேட்பவர்கள், நம்பிக்கையை ஆராயச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். 2024இல் கமலா ஹாரிஸ் நிற்கிறார் என்றதும், அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் சிறப்புப் பூசை நடந்தது; கடல் கடந்த இங்கும் “நம்ம பொண்ணு” என்ற பேச்சு எழுந்தது. மறுபுறம், துணை அதிபராகப் போட்டியிட்ட ஜே.டி. வான்சின் மனைவி உஷாவின் குடும்ப வேர் ஆந்திராவில் இருக்கிறது என்று கணக்குத் தீர்த்தவர்களும் உண்டு. இரத்த உறவை மகிழ்ச்சியாகக் கொண்டாடலாம். அதை ஒரு நாட்டின் கொள்கையாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கமலா நான்கு ஆண்டு துணை அதிபராக இருந்தபோதும் சுங்கை சிப்புட்டில் ரப்பர் விலை அதனால் ஒரு சென் ஏறவில்லை.

கையுறைத் தொழிலில் பிறந்த நம்பிக்கையும் இதற்கு நல்ல பாடம். சீனக் கையுறைகளுக்கு அமெரிக்கா வரி போடுவதால் மலேசியத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கூடும் என்பதைப் புதிய அதிபரின் கொடை என்று பலர் கருதினர். ஆனால் சீன மருத்துவக் கையுறைகளுக்கு 2025இல் 50 விழுக்காடு, 2026இல் 100 விழுக்காடு என்ற முடிவு 2024 செப்டம்பரில், ஜோ பைடன் ஆட்சியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. யார் வந்ததால் நன்மை என்று நினைக்கிறோமோ, அவர் வராமல் இருந்தாலும் அது வந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டவர் தேர்தல் முடிவைக் கண்டு துள்ளவும் மாட்டார், துவளவும் மாட்டார்.

பிளவு ஊருக்குள் வராதிருக்க

டிரம்ப் அந்தத் தேர்தலில் 312 தேர்வாளர் வாக்குகள் பெற்றார், ஹாரிஸ் 226 பெற்றார். ஆனால் மக்கள் வாக்கில் இருவருக்கும் இடைவெளி இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. நாடே ஏறத்தாழப் பாதியாகப் பிரிந்து நின்ற போட்டியில், நம் மேசையிலும் இரண்டு தரப்பு இருப்பது இயல்பே. அண்ணனும் தம்பியும் அயல்நாட்டு வேட்பாளர்களுக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்வதுதான் இயல்பல்ல. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இப்போதைய கூத்தாடி, பார்வையாளர் எண்ணிக்கைக்காகக் காணொலி வெட்டி ஒட்டுகிறவர்.

வாக்குவாதம் மூண்டால், “உங்க வீட்டுக்கு என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க, அண்ணே?” என்று கேளுங்கள். தலைவர்களைப் பற்றிய சண்டை, வீட்டைப் பற்றிய பேச்சாக மாறும். அங்கு இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒன்றையே அஞ்சுவது தெரிய வரும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாரோடு பேசும்போது இன்னும் கவனம் தேவை. அவர்களில் பலருக்கு 2024 தேர்தல் என்பது காஸாவைப் பற்றியது. நாம் வரியையும் விசாவையும் பேசிக்கொண்டு போனால் நெஞ்சில் ஈரமில்லாதவர்களாகத் தோன்றுவோம். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு நம் கவலையைச் சொல்வதே முறை.

முதியவர்களுக்குத் தேர்தலும் கலவரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1969 மே 10இல் நடந்த பொதுத்தேர்தலும் மே 13இல் கோலாலம்பூரில் வெடித்த கலவரமும் அவர்கள் நினைவிலிருந்து அகலவில்லை. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, மே 13ஐச் சுட்டும் காணொலிகள் டிக்டாக்கில் பரவின, போலீசார் எச்சரிக்கை விடுத்தனர். அந்நாள்களில் அரிசியும் மாவும் வாங்கி வைத்த வீடுகளை நாம் கண்டோம். ஐந்து நாள் கழித்து அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார், கலவரம் ஏதும் நடக்கவில்லை. அமெரிக்கக் கலகக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பாட்டி, அது நம் ஊரில் நடப்பதாகவே எண்ணிக் கதவைத் தாழிடலாம். “அதெல்லாம் ஒன்னும் இல்ல” என்று ஒதுக்காமல், பக்கத்தில் அமர்ந்து, அது எந்த நாடு, எவ்வளவு தூரம் என்று சொல்லி, அவர் 1969ஐப் பற்றிப் பேச விரும்பினால் பேசவிடுங்கள். இதே சுங்கை சிப்புட்டில் 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு 2008இல் தோற்றார். அதை நேரில் கண்ட ஒருவரே அந்தப் பாட்டிக்கு ஆறுதல் சொல்ல ஏற்றவர். அன்று ஊரே இரண்டாகி நின்றும், மறுநாள் பால்வெட்டுக்குப் போனவர்கள் போனார்கள்.

தூக்கமின்மை, படபடப்பு, சாப்பாடு இறங்காமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதைப் பதிந்து வையுங்கள்.

2028இல் முடிவு வரும் நாளில் குழுப் பொறுப்பாளர்கள், வாக்கு எண்ணிக்கை தொடங்கும் முன்பே, பொறுப்பாளர் மட்டும் செய்தி அனுப்பும்படி குழுவின் அமைப்பை மாற்றிவிடலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டே அறிவிப்புகள் போதும். ஒவ்வொன்றிலும் செய்தி எங்கிருந்து வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை குழுவைத் திறந்துவிட்டு, மாணவர் உள்ள வீடுகளையும் ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை செய்வோர் உள்ள வீடுகளையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள்.