சேலத்து நிலத்தைச் செயலியில் அளப்பது எப்படி: ஆயத்தொலைவு முறைகள், ஆரம்பத்திலிருந்து

ஆத்தூர் பக்கம் ஒருவர் தன் குச்சிக்கிழங்குக் காட்டின் வரப்பைச் சுற்றிச் செல்போனோடு நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்து முடித்ததும் திரையில் 105 சென்ட் என்று வருகிறது. பட்டாவில் இருப்பது சரியாக ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். உடனே எல்லோரும் ஜிபிஎஸ் மேல் பழி போடுவார்கள். செயலியை எழுதியவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு: எந்த ஆயத்தொலைவு முறையில், அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் எந்த முறையில், அந்தப் பரப்பைக் கணக்கிட்டார்? வரைபடம் காட்டும் முறையிலேயே பரப்பையும் கணக்கிட்டிருந்தால், ஜிபிஎஸ் துல்லியமாக இருந்தாலும் சேலம் மாவட்டத்தில் ஒரு ஏக்கர் 105 சென்ட்டாகத்தான் வரும். ஏன் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

வரைபடச் செயலி எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் பெரும் தலைவலி. நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் சேலத்து எண்களை வைத்தே சொல்கிறேன். உங்கள் கணினியில் அதே எண்கள் வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

படி 1: தேவையானவை

பைதானும் அதற்கான பைப்ராஜ் நூலகமும் போதும். கணக்கு போடுவது உள்ளே இருக்கும் ப்ராஜ் என்ற நிரல். வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், இடத்தரவைச் சேமிக்கும் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டும் நம்பியிருப்பது அதைத்தான். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க க்யூஜிஐஎஸ்ஸையும் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டுமே இலவசம்.

படி 2: எண்ணோடு அதன் முறையையும் எழுதுங்கள்

சேலம் நகரத்தின் நடுவில் ஒரு புள்ளி: அட்சரேகை 11.664, தீர்க்கரேகை 78.146. இதே புள்ளியை மூன்று முறைகளில் எழுதிப் பார்ப்போம்.

இபிஎஸ்ஜி 4326: அட்சரேகை 11.664, தீர்க்கரேகை 78.146. அலகு டிகிரி.

இபிஎஸ்ஜி 3857: கிழக்கு 86,99,173, வடக்கு ஏறத்தாழ 13,07,490. அலகு மீட்டர்.

இபிஎஸ்ஜி 32644: கிழக்கு ஏறத்தாழ 1,88,820, வடக்கு ஏறத்தாழ 12,90,970. இதுவும் மீட்டர்.

இபிஎஸ்ஜி என்பது உலகில் புழங்கும் ஆயத்தொலைவு முறைகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியல். 4326 என்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறை. 3857 என்பது வெப் மெர்கேட்டர். இணையத்தில் நாம் இழுத்துப் பார்க்கும் வரைபட ஓடுகள் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன. 32644 என்பது யூடிஎம் முறையின் 44-வது வடக்கு மண்டலம்.

மூன்று வரியும் ஒரே இடம்தான். முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் ஒருவர் அனுப்பினால், விலை 40 என்று சொல்லிவிட்டுக் கிலோவுக்கா மூட்டைக்கா என்று சொல்லாமல் விட்ட மாதிரி ஆகிவிடும். தரவுத்தளத்தில் நெடுவரிசைக்குப் பெயர் வைக்கும்போதே இபிஎஸ்ஜி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எக்ஸ், ஒய் என்று மட்டும் தலைப்பு போட்ட கோப்பை யார் கொடுத்தாலும், முறை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே ஏற்றாதீர்கள்.

தசம இலக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சேலத்தில் ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர்; ஒரு டிகிரி தீர்க்கரேகை 109 கிலோமீட்டர். ஆக ஐந்தாவது தசம இலக்கம் ஒரு மீட்டரை ஒட்டியது, ஆறாவது 11 சென்டிமீட்டர். ஆறு இலக்கம் வைத்தால் போதும். ஆனால் 32 பிட் ஃப்ளோட்டில் சேமிக்காதீர்கள். 78 அளவிலான ஓர் எண்ணுக்கு அதில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள தூரமே தரையில் 80 சென்டிமீட்டருக்கு மேல். வரப்பு அளவில் அது பெரிய இடைவெளி. 64 பிட் டபுள்தான் சரி.

படி 3: எது முதலில்?

கூகுள் மேப்ஸும் இணைய வரைபட நூலகமான லீஃப்லெட்டும் அட்சரேகையை முதலில் கேட்கும். இடத்தரவுக்கான கோப்பு வடிவமான ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற அதன் தர ஆவணம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் புள்ளி உருவாக்கும்போதும் தீர்க்கரேகைதான் முதலில். இபிஎஸ்ஜி பட்டியலில் 4326-க்கு எழுதியிருப்பதோ அட்சரேகை முதலில் என்று.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 11-ம் 78-ம் இடம் மாறினால் சேலம் நேராக வட துருவம் பக்கம் போய், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் நிற்கும். சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு வகையில் வசதி: புள்ளி பனிக்கடலில் விழுந்தால் காரணம் உடனே தெரிந்துவிடும்.

பைப்ராஜில் டிரான்ஸ்ஃபார்மர் உருவாக்கும்போது 'ஆல்வேஸ் எக்ஸ்ஒய்' என்ற விருப்பத்தை உண்மை என்று வைத்துவிடுங்கள். அப்புறம் எந்த முறையாக இருந்தாலும் தீர்க்கரேகை அல்லது கிழக்கு முதலில், அட்சரேகை அல்லது வடக்கு இரண்டாவது. இதை வைக்காவிட்டால் 4326-க்கு அது அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கும்.

படி 4: பெயர் ஒட்டுவது வேறு, மாற்றுவது வேறு

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஒரு கோப்பில் இருக்கும் எண்கள் எந்த முறையைச் சேர்ந்தவை என்று மென்பொருளுக்குத் தெரிவிப்பது ஒரு வேலை. அந்த எண்களை வேறொரு முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது இன்னொரு வேலை. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் 'செட் எஸ்ஆர்ஐடி' முதல் வேலையைச் செய்யும், எண்களைத் தொடாது. 'டிரான்ஸ்ஃபார்ம்' இரண்டாவது வேலையைச் செய்யும், எண்களே மாறும். க்யூஜிஐஎஸ்ஸிலும் 'செட் லேயர் சிஆர்எஸ்' ஒன்று, 'ரீப்ராஜெக்ட் லேயர்' ஒன்று.

டிகிரியில் இருக்கும் அடுக்கை (லேயரை) மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து முதல் கட்டளையைப் போட்டால், 78.146 டிகிரி 78.146 மீட்டராகிவிடும். அடுக்கு திரையிலிருந்தே காணாமல் போகும். இது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற தப்பு. எண்கள் ஏற்கெனவே எந்த முறையில் இருக்கின்றனவோ அந்தப் பெயரை ஒட்டுவதற்கு மட்டும்தான் முதல் கட்டளை. வேறு முறைக்குப் போக வேண்டுமென்றால் எப்போதும் இரண்டாவது.

படி 5: சேலத்தின் மேல் ஓடும் 78 டிகிரிக் கோடு

யூடிஎம் முறை உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. உங்கள் இடம் எந்த மண்டலம் என்று கண்டுபிடிக்கத் தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு, 1 சேர்க்க வேண்டும்.

சேலம் நகரம்: 78.146 + 180 = 258.146. ஆறால் வகுத்தால் 43.02. தசமத்தை விட்டு 1 சேர்த்தால் 44.

மேட்டூர்: 77.80 + 180 = 257.80. ஆறால் வகுத்தால் 42.97. தசமத்தை விட்டு 1 சேர்த்தால் 43.

ஆமாம், ஒரே மாவட்டம் இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. எல்லைக்கோடான 78 டிகிரி தாரமங்கலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே போகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, மேச்சேரி 43-இல். ஓமலூர், சேலம், ஏற்காடு, ஆத்தூர் 44-இல். தமிழ்நாட்டுக்கு 44 என்று எங்கேயோ படித்துவிட்டு அப்படியே நிரலில் எழுதுபவர்களும் உண்டு, கோவைக்காரர் கொடுத்த நிரலில் இருக்கும் 43-ஐ மாற்றாமல் ஓட்டுபவர்களும் உண்டு.

43-இல் எடுத்த மேட்டூர் அணைப் புள்ளிக்கு 44 என்று பெயர் ஒட்டினால் அது சரியாக ஆறு டிகிரி கிழக்கே நகர்ந்து, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவில் விழும். இரண்டு மண்டலத்திலும் கிழக்கு எண் ஆறு இலக்கம்தான், வடக்கு எண்ணும் ஒரே மாதிரிதான். எண்ணை மட்டும் பார்த்து மண்டலத்தைச் சொல்லவே முடியாது. எண்ணோடு முறையையும் எழுதுங்கள் என்று படி 2-இல் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அப்படியானால் மாவட்டம் முழுவதற்கும் என்ன செய்வது? இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, எல்லாவற்றையும் 44-இலேயே வைத்துக்கொள்வது. மண்டல எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் கணக்கு உடைந்துவிடாது, பிழை மெல்லக் கூடும், அவ்வளவுதான். 44-இன் மையக்கோடு 81 டிகிரியில் இருப்பதால் சேலத்திலேயே ஒரு கிலோமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் அளவு நீளம் கூடுதலாக வரும். மேட்டூரில் ஒரு மீட்டரைத் தாண்டும். சாலை, பேருந்து நிறுத்தம் போன்ற வேலைகளுக்கு இது போதும்.

இரண்டாவது, எனக்குப் பிடித்தது: நமக்கென்று ஒரு டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் முறையை (யூடிஎம் மண்டலங்களும் இந்த வகைதான்) வரையறுத்துக்கொள்வது. மையக்கோடு 78.2, அளவுக் காரணி 1, கிழக்கு எண்ணுக்குத் தொடக்கம் 5,00,000, டேட்டம் (பூமியின் வடிவத்துக்கும் இருப்புக்கும் எடுத்துக்கொள்ளும் அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84. ப்ராஜ் வரியில் இந்த நான்கையும் கொடுத்தால் முறை தயார். மாவட்டத்தின் எந்த மூலையிலும் பிழை கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஒரே ஒரு நிபந்தனை: இதற்கு இபிஎஸ்ஜி எண் கிடையாது. அதனால் அந்த வரையறை வரியைத் தரவோடு சேர்த்தே சேமியுங்கள். வெளியே யாருக்காவது கொடுக்கும்போது 4326-க்கு மாற்றிக் கொடுங்கள்.

படி 6: தூரமும் பரப்பும்

சேலத்துப் புள்ளியிலிருந்து ஏற்காட்டுக்கு (11.775, 78.209) நேர்கோட்டுத் தூரம் கேட்போம். டிகிரி எண்களைக் கழித்து, வர்க்கம் எடுத்து, கூட்டி, மூலம் எடுத்தால் 0.128 என்று வரும். இது எந்த அலகும் இல்லை. 3857-இல் கணக்கிட்டால் ஏறத்தாழ 14.4 கிலோமீட்டர். உண்மையில் 14.1. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற சாலைத் தூரம் தனிக்கணக்கு. அதை இதோடு குழப்பக்கூடாது.

வெப் மெர்கேட்டர் நிலநடுக்கோட்டில்தான் சரியான நீளம் காட்டும். வடக்கே போகப் போக இழுத்துக் காட்டும். சேலத்தில் கிழக்கு மேற்காக 2.1 சதவீதமும் வடக்கு தெற்காக 2.75 சதவீதமும் இழுப்பு. இரண்டையும் பெருக்கினால் (1.021 × 1.0275) பரப்பில் 4.9 சதவீதம். முதலில் பார்த்த 105 சென்ட் இங்கிருந்துதான் வருகிறது. ஜிபிஎஸ் பிழை ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். இந்தப் பிழை எல்லோருடைய நிலத்தையும் ஒரே பக்கமாகக் கூட்டிக்கொண்டே போகும். உழவு கூலி, உர அளவு எல்லாம் இந்த எண்ணை வைத்து முடிவாகும்போது அது ஒருவருடைய பணம். அதனால் 3857 திரையில் காட்டுவதற்கு மட்டும்.

பரப்புக்கு எளிய வழி, பைப்ராஜில் உள்ள ஜியாட் என்ற கருவி. டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தை (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும், சற்றே தட்டையான கோளம்) கொடுத்துவிட்டு, பலகோணத்தின் பரப்பும் சுற்றளவும் கேட்கும் செயல்கூறுக்குத் தீர்க்கரேகைகளை ஒரு பட்டியலாகவும் அட்சரேகைகளை ஒரு பட்டியலாகவும் கொடுங்கள். சதுர மீட்டரில் விடை வரும். 40.47-ஆல் வகுத்தால் சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர்.

கவனிக்க: வரப்பைக் கடிகார முள் திசையில் சுற்றி வந்திருந்தால் விடை மைனஸில் வரும், எதிர்த்திசையில் வந்திருந்தால் பிளஸில். நடப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று நாம் சொல்ல முடியாது. குறியை நீக்கிவிட்டுத்தான் திரையில் காட்ட வேண்டும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். சில்வர் ஓக் நிழலில் செல்போன் ஜிபிஎஸ் தடுமாறும். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்ச நேரம் நின்று பல அளவுகளின் சராசரியை எடுக்கும்படி செயலியை எழுதுங்கள். அப்புறம், பட்டாவில் இருப்பது சரிவை நீக்கிய கிடைமட்டப் பரப்பு. 20 டிகிரி சரிவில் கால் படும் பரப்பு அதைவிட 6 சதவீதம் அதிகம். ஜியாட் தருவது கிடைமட்டப் பரப்புதான், பட்டாவோடு ஒப்பிட அதுவே பொருத்தம்.

படி 7: பழைய வரைபடம் வந்தால்

1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணி, பிறகு குமரியிலிருந்து இமயம் நோக்கி ஏறக்குறைய இதே 78 டிகிரியை ஒட்டித்தான் போனது. அந்த மரபில் வந்த பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தையும் மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை அடிப்படையாகக் கொண்ட டேட்டத்தையும் பயன்படுத்துகின்றன. அதில் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே 4326 என்று எடுத்துக்கொண்டால் சேலத்தில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். கடலில் விழாது, அடுத்த தெருவில் விழும். அதனால்தான் இது ஆபத்தான பிழை. கல்யாண்பூர் 1975 என்றால் இபிஎஸ்ஜி 4146. தாளின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பெயர் ஒட்டுங்கள், அப்புறம் 4326-க்கு மாற்றுங்கள்.

உயரத்துக்கும் இதே கதை உண்டு. ஆண்ட்ராய்டு தரும் உயரம் நீள்கோளத்திலிருந்து அளந்தது. நம் பகுதியில் கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு அந்த நீள்கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே கிடக்கிறது. சேர்வராயன் மலையில் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் நின்றால் செல்போன் 1,410-ஐ ஒட்டிக் காட்டும். இஜிஎம் 2008 போன்ற ஒரு ஜியாய்டு மாதிரியை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 8: சோதனையை நிரலுக்குள்ளேயே வையுங்கள்

மூன்று புள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: சேலம், ஏற்காடு, மேட்டூர். மூன்றையும் உங்கள் அளவை முறைக்கு மாற்றி, மறுபடி 4326-க்குத் திருப்பி, பழைய எண் ஏழாவது தசமம் வரை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். சேலம்–ஏற்காடு தூரம் 14-க்கும் 14.2-க்கும் இடையே இல்லையென்றால் சோதனை தோற்க வேண்டும். ஒரு சதுரத்தைக் கடிகாரத் திசையிலும் எதிர்த்திசையிலும் கொடுத்து, பரப்பு ஒன்றாகவே வருகிறதா என்று பாருங்கள். அட்சரேகை 11-க்கும் 13-க்கும் வெளியே போகும் எந்தப் புள்ளியையும் ஏற்றும்போதே நிறுத்துங்கள். வரிசை மாறிய கோப்புகள் அங்கேயே பிடிபட்டுவிடும். மேட்டூரைக் கண்டிப்பாக விடாதீர்கள். மண்டல எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புள்ளி அது ஒன்றுதான்.