பன்றித் திசுக்களுக்கு மரபணு வெளிப்பாட்டு வரைபடம்: மடிக்கணினியிலேயே போடலாம்

பன்றியின் எந்தத் திசுவில் எந்த மரபணு எவ்வளவு வேலைசெய்கிறது என்று காட்டும் வரைபடம் போட உட்கார்ந்தேன். ஒரு டிரான்ஸ்கிரிப்ட்கூட (மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ) பொருந்தவில்லை என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், காரணம் ஒரு புள்ளி. அந்தக் கதை 3ஆம் படியில் வருகிறது. லினக்ஸ் முனையமும் ஆர் மொழியும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: தரவு

எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தார் 2012இல் 62 வகைத் திசுக்களையும் உயிரணுக்களையும் மைக்ரோஅரேயில் (மரபணு வெளிப்பாட்டை அளக்கும் சில்லு) அளந்து பன்றிக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அப்புறம் வந்த பிக்ஜிடெக்ஸ் என்ற ஆய்வுத் திட்டம் 34 திசுக்களிலிருந்து 5,457 ஆர்என்ஏ மாதிரிகளைத் திரட்டியது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகம் என்ற பொதுத் தரவுக் கிடங்கில் ஆர்என்ஏ வரிசைத் தரவைத் தேடி 8 திசுக்கள், திசுவுக்கு 3 மாதிரி என்று எடுங்கள்.

எல்லாம் ஒரே ஆய்விலிருந்து வரட்டும். ஈரல் ஓர் ஆய்வகம், இதயம் இன்னோர் ஆய்வகம் என்று கலந்தால், தெரிகிற வித்தியாசம் திசுவினுடையதா ஆய்வகத்தினுடையதா என்று பிரிக்கவே முடியாது. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. திசுப் பெயர்களையும் கையால் பாருங்கள்: ஒரே முதுகுத் தசையை ஒருவர் 'லாஞ்சிசிமஸ் டார்சி' என்பார், இன்னொருவர் 'எல்டி' என்பார், மூன்றாமவர் வெறும் 'தசை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

படி 2: சால்மன்

ஆர்என்ஏ துண்டுகளை மரபணுத்தொகுதியில் இடம்பார்த்துப் பொருத்தும் ஸ்டார் போன்ற கருவிகள் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கு நினைவகம் நிறைய வேண்டும். வெளிப்பாட்டு அளவு மட்டும் போதுமென்றால் என் ஓட்டு டிரான்ஸ்கிரிப்ட்களை நேராகக் கணக்கிடும் சால்மன் என்ற மென்பொருளுக்கே. என்செம்பில் என்ற மரபணுத்தொகுதித் தளத்திலிருந்து எஸ்ஸ்க்ரோஃபா11.1 பதிப்பின் சிடிஎன்ஏ கோப்பை (டிரான்ஸ்கிரிப்ட் வரிசைகள் இருக்கும் கோப்பு) இறக்குங்கள். (டி.ஜே. டபாஸ்கோ என்ற டியூராக் இனப் பெண்பன்றியின் மரபணுத்தொகுதி அது. பழைய 10.2 பதிப்பில் ஓட்டைகள் அதிகம், அந்தப் பக்கம் போகவேண்டாம்.) நீள் குறியீடற்ற ஆர்என்ஏக்களும் (புரதமாக மாறாதவை) வேண்டுமென்றால் அவற்றுக்கான தனிக் கோப்பையும் சேர்த்துக் குறிப்பகராதி (சால்மன் தேடுவதற்கான இண்டெக்ஸ்) கட்டவேண்டும். லைப்ரரி வகை (வரிசைப்படுத்த மாதிரியை எந்த முறையில் தயாரித்தார்கள் என்பது) கேட்கும் இடத்தில் 'ஏ' கொடுத்தால் சால்மனே கண்டுபிடித்துக்கொள்ளும்.

படி 3: அந்தப் புள்ளி

சால்மன் தருவது டிரான்ஸ்கிரிப்ட் கணக்கு. அதை மரபணுக் கணக்காக மாற்ற ஆரில் டிஎக்ஸ்இம்போர்ட் இருக்கிறது. எந்த டிரான்ஸ்கிரிப்ட் எந்த மரபணுவுக்கு என்ற இரண்டு பத்தி அட்டவணையை ஜிடிஎஃப் கோப்பிலிருந்து (மரபணுக்களின் விவரப் பட்டியல், அதுவும் என்செம்பிலில் உண்டு) நாம் செய்து கொடுக்கவேண்டும். நான் விழுந்த குழி இதுதான். சிடிஎன்ஏ கோப்பில் ஒவ்வொரு அடையாள எண்ணின் வாலிலும் ஒரு புள்ளியும் பதிப்பு எண்ணும் உண்டு. ஜிடிஎஃப்பில் அந்த வால் கிடையாது, பதிப்பு எண் தனியாக நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கணினிக்கு ஒன்றுகூட ஒன்றல்ல.

தீர்வு ஒரே வரி: 'இக்னோர் டிஎக்ஸ் வெர்ஷன்' என்ற தெரிவை உண்மை என்று மாற்றுங்கள்.

ஆனால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். சிடிஎன்ஏ ஒரு வெளியீட்டிலிருந்தும் ஜிடிஎஃப் வேறொரு வெளியீட்டிலிருந்தும் வந்திருந்தால் இப்போது பிழை வராது. இத்தனை டிரான்ஸ்கிரிப்ட்கள் அட்டவணையில் இல்லை என்று ஒரு வரி மட்டும் ஓடி மறையும். அந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் திரும்பிப்போய் இரண்டு கோப்பையும் ஒரே வெளியீட்டிலிருந்து எடுங்கள்.

படி 4: தெரிந்த முகங்களைத் தேடுங்கள்

வண்ணப்படம் போடும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். சில மரபணுக்கள் எந்தத் திசுவில் அதிகம் என்று முன்பே தெரியும், அவற்றை முதலில் பாருங்கள். ஏஎல்பி மரபணு ஈரலில் உச்சத்தில் இருக்கிறதா? சிறுநீரகத்தில் யூஎம்ஓடி, நுரையீரலில் எஸ்எஃப்டிபிசி, விரையில் பிஆர்எம்1? இடம் மாறியிருந்தால் மாதிரியின் பெயர்ச்சீட்டு மாறியிருக்கும். எம்ஒய்எச்7 இதயத்தோடு எலும்புத்தசையிலும் தெரிந்தால் பதறவேண்டாம், மெதுவாகச் சுருங்கும் தசைநார்களில் அது இயல்பாகவே உண்டு.

கணையத்தைச் சேர்த்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே சில செரிமான நொதி மரபணுக்களே பந்தியை மொத்தமாக வளைத்துக்கொள்ளும். சால்மன் தரும் டிபிஎம் என்ற வெளிப்பாட்டு அளவு எப்போதும் பத்து லட்சத்துக்குள் பங்குபோடும் கணக்கு. அதனால் மற்ற மரபணுக்கள் எல்லாம் கணையத்தில் படுத்துவிட்டதுபோலத் தோன்றும். திசுக்களை ஒப்பிடும்போது டீசெக்2 என்ற ஆர் தொகுப்பு தரும் சீராக்கிய எண்களையே நான் எடுக்கிறேன்.

படி 5: டௌ

ஒரு மரபணு எவ்வளவு திசுச்சிறப்பு உடையது என்பதற்கு டௌ குறியீடு போதும். மாதிரிகளைத் திசுவாரியாகச் சராசரி எடுத்து, ஒன்று கூட்டி, மடக்கை எடுங்கள். ஒவ்வொரு திசுவின் மதிப்பையும் அந்த மரபணுவின் உச்ச மதிப்பால் வகுத்து, 1இலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, திசுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுங்கள். 0 என்றால் எங்கும் சமம், 1 என்றால் ஒரே இடம்.

பின்சேர்க்கை: ஜிஎஃப்ஏபி மரபணு மூளைக்கே உரியது என்கிறார்களே, எனக்கு டௌ ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய பட்டியலைப் பார்த்தேன்: பெருமூளைப் புறணி, சிறுமூளை, ஹிப்போகாம்பஸ், ஹைப்போதலாமஸ், அப்புறம் நான்கே நான்கு மற்ற உறுப்புகள். பாதி வரைபடமே மூளையாக இருந்தால், மூளை மரபணு பாதி இடத்தில் இருப்பதாகத்தானே கணக்கு வரும்! மூளைப் பகுதிகளை ஒரே குழுவாக்கி, அவற்றில் அதிகமான மதிப்பை மட்டும் எடுத்து மறுபடி போடச் சொன்னேன். சரியாகிவிட்டது. நான்கு வகைத் தசைகளைச் சேர்த்திருப்பவர்களும் இதையே செய்யுங்கள்.