நம் ஊர் ஆற்றுக்கும் லோங்காங்குக்கும் ஓர் இதழ்: தொடங்குவது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கும். பெரியவர்கள் வாயில் வருவது இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் போடப்பட்டது இங்கே, தென்னமரம் தோட்டத்தில். பக்கத்தில் ஓடும் சிலாங்கூர் ஆறுதான் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கைத் தருகிறது. 2020 செப்டம்பரில் அந்த ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் எடுத்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அன்று நான் படித்த செய்திகளில் கோலாலம்பூர் இருந்தது, ஆறு ஓடும் எங்கள் ஊர் இல்லை. அந்த ஆதங்கத்தில் தொடங்கியதுதான் எங்கள் நாலு பக்க இதழ். உங்கள் ஊரிலும் ஒன்று வர வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை.

முதலில், ஒரே ஓர் இடம்

பூமி சூடாகிறது என்று முதல் இதழைத் தொடங்காதீர்கள். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயை, எழுத உங்களைத் தவிர யாரும் இல்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எட்டுகிற இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மதகு, குப்பை கொட்டும் மூலை, மறுநடவுக்காகச் செம்பனை சாய்த்த நிலம் என்று எதுவானாலும் சரி. அடிக்கடி போக முடியாத இடம் வேண்டாம்.

நோட்டுப் புத்தகம்

முழு வேலையில் இதுதான் பாதி. ஒரு மாதம், வாரம் ஒரு முறை, அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் போய் நில்லுங்கள். நாள், மணி, முந்தைய இரவு மழை பெய்ததா, தண்ணீரின் நிறம், வாடை, ஓட்டம், மீன் தெரிகிறதா என்று எழுதுங்கள். ஒரே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். என் பழைய பதிவு ஒன்று:

"சனி, காலை 7.10. சின்னப் பாலம். இரவு மழை. தண்ணீர் கட்டித் தேநீர் நிறம். மெதுவான ஓட்டம். வாடை இல்லை. ஓரத்தில் துரு நிறச் சேறு. மேலே எண்ணெய் போல வானவில் படலம். சின்ன மீன்கள் உண்டு."

இந்த வானவில் படலம் எனக்கு ஒரு பாடம் சொன்னது. லோங்காங்கில் யாரோ எண்ணெய் கொட்டுகிறார்கள் என்று முதல் இதழுக்கு எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் முன், வேலை ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஐயாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னோடு பாலத்துக்கு வந்தார். ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் குத்தினார். மெல்லிய கண்ணாடி உடைகிற மாதிரி அது துண்டு துண்டாகப் பிரிந்தது. துண்டுகள் திரும்ப ஒட்டவில்லை.

"எண்ணெய்யா இருந்தா சுழன்டுகிட்டு மறுபடி சேர்ந்துடும் தம்பி. இது மண்ணுல இருந்து வர்ற இரும்பு" என்றார்.

உண்மைதான். நிலத்தடி நீரில் கரைந்து வரும் இரும்பைச் சில பாக்டீரியாக்கள் துருவாக மாற்றும்போது அந்தப் படலமும் செந்நிறச் சேறும் உண்டாகின்றன. கரையோரச் சதுப்பு மண்ணில் வெட்டிய தோட்டக் கால்வாய்களில் இதை நிறையப் பார்க்கலாம். இரும்புப் படலம் என்பதால் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. ஆனால் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அன்று முதல் நோட்டோடு ஒரு குச்சியும் போகிறது.

இன்னொரு பழக்கம்: சந்தேகப்படும் இடத்துக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், ஒரு பதிவு; கீழே, அது போகும் பக்கம், ஒரு பதிவு. மேலே தெளிவாக இருந்து கீழே மாறினால்தான் இடையில் ஏதோ நடக்கிறது என்று சொல்ல முடியும்.

கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள்

செம்பனை ஆலை உள்ள ஊர் என்றால் அதன் கழிவுநீரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டன் எண்ணெய் எடுக்க இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் வருகிறது. ஆலையை விட்டு வரும்போது கொதிக்கக் கொதிக்க, பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அதில் நஞ்சு என்று எதையும் சேர்ப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன, மீன் மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது. எவ்வளவு இழுக்கும் என்பதற்கான அளவுதான் பிஓடி. சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம். செம்பனை ஆலைகளுக்கான 1977ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ், ஆற்றில் விடும்போது இருக்க வேண்டிய வரம்பு 100. அதற்காகத்தான் குளம் குளமாக வைத்து நாள்கணக்கில் சுத்திகரிக்கிறார்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீட்டை எழுதுங்கள். 50 வரை நலம், 100 வரை மிதம், 101 முதல் ஆரோக்கியக் கேடு, 201 முதல் மிகுந்த கேடு, 300ஐத் தாண்டினால் அபாயம். 2005 ஆகஸ்டில் எங்கள் மாவட்டமான கோல சிலாங்கூரில் அது 500ஐத் தாண்டி அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. எந்த நிலையத்தின் அளவு, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பெரியவர்களிடம் கேளுங்கள்

"சுற்றுச்சூழல் எப்படி மாறியிருக்கிறது?" என்று கேட்டால், "என்னத்தப்பா சொல்றது" என்ற பதில்தான் கிடைக்கும். "அம்மா, லயத்துல இருந்தப்போ துணி எங்க துவைச்சீங்க? அந்தத் தண்ணிய குடிச்சீங்களா? என்ன மீன் பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். மருந்து அடித்த அம்மாக்களை விட்டுவிடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல்தான் இந்த நாட்டில் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் முதுகில் தோம்பை (மருந்துத் தொட்டியை) சுமந்தவர்களின் அனுபவம் அவர்களோடு போய்விடக் கூடாது. தோட்ட வீட்டில் குடியிருப்பவர் பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். படமும் வேண்டாம்.

எந்த அலுவலகம்?

ஆலைக் கழிவு, திறந்தவெளி எரிப்பு என்றால் சுற்றுச்சூழல் துறை. தீ எரிந்துகொண்டிருந்தால் முதலில் தீயணைப்பு நிலையம். அடைத்த லோங்காங், எடுக்காத குப்பை என்றால் ஊராட்சி மன்றம். சிலாங்கூரில் ஆறு என்றால் மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸ். ஏடிஸ் கொசுவுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகம். யாரிடம் சொன்னாலும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

எழுதும்போது

கண்டது, கேட்டது, பதில் மூன்றையும் கலக்காதீர்கள். "ஆலை ஆற்றைக் கெடுக்கிறது" என்பது கோபம். "மூன்று சனிக்கிழமை காலைகளில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேலே தெளிவாக இருந்தது. அன்று மீன் செத்து மிதந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். துறையில் புகார் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை" என்பது செய்தி. இரண்டாவதைப் படிக்கிறவருக்குக் கோபம் தானாக வரும். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் சிக்காமல் இருக்கவும் அது உதவும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொன்னதையும் போடுங்கள்.

எளிய தமிழ் போதும். "நீர்மாசு" என்று எழுதிவிட்டு, அது என்ன வாடை என்று சொல்லாமல் விட்டால் பயனில்லை.

வெளியிடுவது

நாலு பக்கம் தாராளம். கைபேசியிலேயே தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பலாம். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். அச்சடிக்க நினைத்தால் ஒரு விஷயம்: 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி, செய்தி தாங்கித் தொடர்ந்து வரும் அச்சு வெளியீட்டுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும் அப்படித்தான். எனவே அமைச்சிடம் கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

நாங்கள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கைபேசியில் படிக்க முடியாதவர்களுக்காக, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வாசிக்கிறோம். சுண்டல் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டு பக்கம் ஆகிவிடும். அப்புறம் யாராவது எழுந்து, "அந்த மதகு நீ சொன்ன இடத்துல இல்லப்பா, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்பார். திருத்தம் அடுத்த இதழில், முதல் பக்கத்திலேயே வரும்.

நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் வையுங்கள். புகார், எண், கொடுத்த நாள், வந்த பதில் என்று நாலு பத்தி. ஒவ்வோர் இதழிலும் அதே கட்டத்தைப் புதுப்பித்துப் போடுங்கள். எங்கள் கட்டத்தில் லோங்காங் அடைப்புக்கு எதிரே "ஒன்பதாம் நாள் சுத்தம் செய்தார்கள்" என்று இருக்கிறது. அதற்குக் கீழ் வரியில் மூன்று இதழாகப் பதில் காலியாக இருக்கிறது. காலியாகவே போடுகிறோம்.