கிரேன் வருவதற்கு முந்தின நாள்: பாரம் தூக்கத் திட்டமிடுவதும் பெர்மிட் கொடுப்பதும்

கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடும். வண்டி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் எல்லோரும் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் "இங்கே மண் சரியில்லை, வண்டியைத் திருப்புங்க" என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். அதனால் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தின நாளே சொல்லிவிடுவதுதான் என் வழக்கம். சைட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் தம்பிகளுக்காக அந்த முந்தின நாள் வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் லாரியிலிருந்து ஜெனரேட்டர் ஒன்றை இறக்கி மேடையில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. எடையைக் கூட்டுங்கள்

தகட்டில் 7.2 டன் என்று போட்டிருக்கும். அது வெறும் எந்திரத்தின் எடையா, டீசலோடு சேர்த்தா என்று கேளுங்கள். டேங்க் நிறைய டீசல் இருந்தால் அதற்கு ஒரு 0.4 டன். கிரேனின் ஹூக் பிளாக் 0.4 டன். ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தொங்கவிடும் பெல்ட்), ஷேக்கிள் (அதை மாட்டும் இரும்பு வளையம்) எல்லாம் சேர்த்து 0.2 டன். ஆக மொத்தம் 8.2 டன். ஹூக்கின் எடையை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

2. லோடு சார்ட்டைப் பாருங்கள்

'50 டன் கிரேன்' என்றால் 50 டன் தூக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, குறுக்கி, பாரத்தை வண்டிக்கு மிக அருகில் வைத்துத் தூக்கினால்தான் அந்தக் கணக்கு. ரேடியஸ், அதாவது கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஹூக் வரை தரையில் அளக்கும் தூரம், கூடக் கூடத் திறன் மளமளவென்று குறையும். நம் வண்டியின் சார்ட், அதாவது எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணை, 12 மீட்டரில் 11 டன், 14 மீட்டரில் 8.5 டன் என்று காட்டுவதாகக் கொள்வோம். 12 மீட்டரில் நம் 8.2 டன் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். இரண்டே மீட்டர் தள்ளி நிறுத்தினால் நூற்றுக்கு 96! அப்படி ஒரு திட்டத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பல சைட்டுகளில் முக்கால் பங்கைத் தாண்டினாலோ, இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கினாலோ அதைத் தனி வகையாக வைத்து, மேலே இருக்கும் பொறியாளரின் ஒப்புதலும் கேட்பார்கள்.

டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கண் மதிப்பு வேண்டாம். சார்ட்டும் அந்த வண்டியுடையதாகவே இருக்க வேண்டும்; வேறு மாடலின் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுவதும் நடக்கிறது.

3. மண்

எனக்குப் பயம் இங்கேதான். கிரேனும் பாரமும் சேர்ந்து 45 டன் என்றால், பூம் ஒரு மூலைப் பக்கம் திரும்பும்போது அதில் முக்கால் பங்கு வரை ஒரே ஜாக்கியின் (வண்டி தரையில் ஊன்றி நிற்கும் காலின்) மேல் இறங்கலாம். கிட்டத்தட்ட 34 டன். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பலகை வைத்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு 15 டன் அழுத்தம் வருகிறது. கயத்தாறு, மானூர்ப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறை மாதிரி நிற்கும்; ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் அதே மண்ணில் கால் புதையும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணல் வேறு ரகம், ஓரம் சரிந்துகொண்டே போகும்.

ஒருமுறை வள்ளியூருக்குத் தெற்கே ஒரு சைட்டில் ஜாக்கி வரும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டிருந்தேன். மேலே செம்மண், ரோலர் ஓட்டிக் கெட்டியாக இருந்தது. வேலிக்கு அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அங்ஙன கிணறு கெடந்துச்சு. தூத்து ஏழெட்டு வருசம் இருக்கும், பாத்துக்கிடுங்க." ஜேசிபியை வைத்துத் தோண்டினோம். மூன்றடிக்குக் கீழே உடைந்த செங்கல், தென்னை மட்டை, குப்பை. கிரேனைத் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று, ரேடியஸ் கூடியது, பெரிய வண்டி தேவைப்பட்டது. முந்தின நாள் என்பதால் ஒரு போனில் வண்டியை மாற்றிக்கொண்டோம். மறுநாள் காலையில் தெரிந்திருந்தால், "பலகை ரெண்டு சேர்த்துப் போட்டு முடிங்க" என்றுதான் மேனேஜர் சொல்லியிருப்பார்.

அதிலிருந்து, தூர்த்த கிணறு, பழைய ஓடை, செப்டிக் டேங்க், கேபிள் போட்ட பள்ளம் எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்.

4. காற்றும் கம்பியும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குப் பழமொழி மட்டுமல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, ராதாபுரம் பக்கமும், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கயத்தாறு பக்கமும் வரும் காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்று வரம்பு கிரேன் தயாரித்தவர் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வந்தாலே நிறுத்திவிடும் சைட்டுகள் உண்டு. பூம் உச்சியில் காற்று தரையைவிட வேகமாக இருக்கும். ஜெனரேட்டரைவிடக் காலி டேங்கும் கூரைத் தகடும்தான் ஆபத்து. எடை குறைவு, பரப்பு அதிகம். ஆனி, ஆடியில் இந்த மாதிரி வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் எல்.சி., அதாவது லைனை நிறுத்தியதற்கான அனுமதி, எழுத்தில் வாங்குங்கள். "லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று யாரோ போனில் சொன்னது கணக்கில் வராது.

5. ஸ்லிங்

நான்கு கால் போட்டாலும் பாரம் இரண்டு காலில்தான் நிற்கிறது என்றே கணக்குப் போடுங்கள். ஹூக், ஸ்லிங் எடை போக ஸ்லிங்கில் தொங்குவது 7.6 டன். ஸ்லிங் படுக்கைக் கோட்டுக்கு 60 பாகையில் இருந்தால் ஒரு காலுக்குச் சுமார் 4.4 டன், 45 பாகையில் 5.4, 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 7.6 டன்னை இழுக்கும். ஸ்லிங் நீளம் போதவில்லை என்றால் நீளமானதை வரவழையுங்கள். டேக் (திறன் எழுதிய சீட்டு) இல்லாத, நூல் பிரிந்த பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள். ஓரமாக வைத்தால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள்.

6. பெர்மிட்

வண்டி, ஸ்லிங், ஷேக்கிள் ஆகியவற்றின் பரிசோதனைச் சான்றுகள், ஆப்பரேட்டரின் லைசென்ஸ் எல்லாவற்றையும் முந்தின நாளே வாட்ஸப்பில் வாங்கிப் பாருங்கள். தூக்கும் சாதனங்களைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். தேதி தாண்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பெர்மிட்டில், அதாவது பாரம் தூக்க எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டில், எடை, ரேடியஸ், கிரேன் நிற்கும் இடத்தின் படம், காற்று வரம்பு, ஆப்பரேட்டர், சிக்னல்மேன் (ஆப்பரேட்டருக்குச் சாடை காட்டுபவர்) பெயர், நேரம் இருக்க வேண்டும். திட்டம் போட்டவரே ஒப்புதலும் கொடுக்கக் கூடாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். அவரும் ஏசி அறையில் உட்கார்ந்து போடாமல், சுண்ணாம்புக் குறி போட்ட இடத்தில் நின்று போடட்டும். ஒரு பெர்மிட் ஒரு ஷிப்டுக்குத்தான். வண்டியோ, நிற்கும் இடமோ, ஆப்பரேட்டரோ மாறினால் அது செல்லாது.

7. தூக்கும் காலை

சிக்னல்மேன் ஒருவர் மட்டும். இறக்கச் சொல்ல 'ஆரியா' என்று குரல் கொடுக்கும் கலாசிகள் (பாரம் கட்டித் தூக்கும் தொழிலாளிகள்) உண்டு. அது புதிய ஆப்பரேட்டருக்குப் புரியாமல் போகலாம். கைச்சாடையை முன்னாடியே ஒருமுறை பேசிவையுங்கள். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டுவந்த பையன் காட்டினாலும், ஆப்பரேட்டர் நிறுத்த வேண்டும்.

கயிறு கட்டி எல்லை போட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி, இரண்டு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். ஜாக்கிப் பலகை அமுங்குகிறதா, பாரம் சாய்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். சாய்ந்தால் இறக்கி மறுபடி கட்டுங்கள். சரியாக இருந்தால் ஆட்டத்தை அடக்க இரண்டு பக்கமும் கயிறு பிடித்தபடி கொண்டுபோகலாம். பாரத்தைத் தொங்கவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

மேடையில் உட்கார்ந்து, மட்டம் பார்த்து, போல்ட் பிடித்த பிறகு ஸ்லிங்கைக் கழற்றுங்கள். அப்புறம் பெர்மிட்டில் முடிந்த நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு மூடுங்கள். மூடாமல் விட்டால், "பெர்மிட் இருக்குல்லா, அந்தப் பம்பையும் தூக்கி வச்சிருவோம் அண்ணாச்சி" என்று மத்தியானம் ஒருவர் கட்டாயம் வருவார்.