சி.டி. ஸ்கேனுக்குப் போகும் முன்

கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து ஜிப்மருக்கோ புதுச்சேரியிலுள்ள ஸ்கேன் மையங்களுக்கோ விடியற்காலைப் பேருந்தில் வருபவர்கள் பலர், சி.டி. ஸ்கேன் என்றாலே பட்டினி கிடக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தலையில் அடிபட்டதற்கோ சிறுநீரகக் கல்லுக்கோ மருந்து செலுத்தாமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. எனவே நாள் குறிக்கும்போதே, ‘கான்ட்ராஸ்ட் ஊசி உண்டா, எத்தனை மணி முதல் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா’ என்று கேட்டுவிடுங்கள்.

கான்ட்ராஸ்ட் என்பது, ரத்தக் குழாய்களையும் கட்டிகளையும் தெளிவாகக் காட்டும் அயோடின் மருந்து. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை அண்மையில் எடுத்திருந்தால், அதன் முடிவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் இங்கே இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்தி, மீண்டும் கிரியாட்டினின் பார்த்த பிறகே தொடரச் சொல்வார்கள். அதைவிட உடனடி ஆபத்து, வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம் என்பதால், அன்றைய காலை மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி ஆகாது என்ற பேச்சு நம் கடற்கரை ஊர்களில் உண்டு. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதமே தவிர அயோடின் அன்று. ஆனால் முன்பு கான்ட்ராஸ்ட் போட்டபோது தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருந்தால், அதை மறைக்காமல் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. வயிற்றுப் பகுதி ஸ்கேனில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து 2, 3 ஆண்டுகளில் பெறும் அளவுதான் அது. பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ஸ்கேன் ஃபிலிம்களைக் காட்டினால், தேவையின்றி மறுபடி எடுப்பதைத் தவிர்க்கலாம்.

கழுத்து, மார்பு ஸ்கேன் என்றால் தாலியைக் கழற்றச் சொல்வார்கள். உலோகம் படத்தில் கோடுகளாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். மஞ்சள் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகளுக்கும் இது பொருந்தும். தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் ஊழியரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

மருந்து ஏறும்போது உடல் முழுவதும் சூடு பரவும், சிறுநீர் கழிந்துவிட்டதுபோலவும் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஊசி போட்ட கை வீங்கினாலோ வலித்தாலோ உடனே குரல் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்; வழியில் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, வீடு வரை காத்திராமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.