கடிக்கும் ஃபெரெட்டைப் பழக்குதல்: தத்தெடுத்த முதல் வாரங்கள்

ஃபெரெட் என்பது பார்வைக்குக் கீரி போல இருக்கும், ஊன் உண்ணும் சிறு வளர்ப்புப் பிராணி. பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு மிளகு என்னும் ஆண் ஃபெரெட் வந்தபோது அதற்கு ஒன்றரை வயது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார் அதைக் கூண்டோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, "கொஞ்சம் கடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பத்து நாட்களுக்குள் என் வலது கையில் ஏழு இடங்களில் அதன் பல் பதிந்தது. இன்று அது என் மடியில் சுருண்டு உறங்குகிறது. ஃபெரெட் கடித்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதையும், அந்தக் காரணத்தைக் கண்டறிந்து நீக்காமல் நம் கையை மட்டும் காத்துக்கொண்டிருந்தால் கடி நிற்காது என்பதையும் இடைப்பட்ட மாதங்களில் நான் கற்றுக்கொண்டேன். வளர்ந்த ஃபெரெட்டைப் பிறர் வீட்டிலிருந்து ஏற்றுக்கொண்டு, கடியால் மனம் தளர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பல் தோலைக் கிழித்து இரத்தம் வந்தால், ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மிளகாய்த் தூள் என்று பெரியவர்கள் எதை எடுத்து வந்தாலும் காயத்தில் அப்பாதீர்கள். ஃபெரெட்டுக்கும் வெறிநோய் வரும். அதன் தடுப்பூசிச் சான்று உங்கள் கையில் இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு ராயபுரத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை ஊசி, எந்த நாட்களில் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டுப் பிராணிதானே என்று இதில் தயங்குவது தவறு.

கடித்த பல்லை விடாமல் தொங்கினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் பல் இன்னும் ஆழமாகக் கிழிக்கும். கையை மெல்லத் தரைக்குத் தாழ்த்தி அதன் நான்கு கால்களும் தரையில் படும்படி செய்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். அப்படியும் விடவில்லையென்றால் கழுத்தின் பின்புறம் தளர்ந்திருக்கும் பிடரித் தோலை மறு கையால் பற்றி, பின்னுடலைத் தாங்கிப் பிடியுங்கள். குட்டிப் பருவத்தில் தாய் கவ்வித் தூக்கிய இடம் அது. அங்கே பிடித்தால் உடல் தளர்ந்து, பல சமயம் கொட்டாவியே விடும், வாயும் தானாகத் திறக்கும். இது பல்லை விடுவிப்பதற்கான வழி மட்டுமே. பிடரியைப் பிடித்து உலுக்குவதும் மூக்கில் சுண்டுவதும் தண்டனையாகச் செய்யத் தக்கவை அல்ல.

இனி, அது ஏன் கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். குட்டி ஃபெரெட்டுகள் உடன்பிறந்தவற்றின் கழுத்தைக் கவ்வி உருண்டு விளையாடி வளர்பவை. அவற்றின் கழுத்துத் தோல் தடிமனானது. தங்களுக்குள் வலிக்காத அளவில் கடித்தாலும் அது நம் கைக்குப் பொறுக்க முடியாத வலியாகிவிடுகிறது. முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, தொண்டைக்குள் 'டுக் டுக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டு வந்து கவ்விவிட்டு ஓடினால் அது விளையாட்டு. வாலின் மயிர் புட்டி கழுவும் தூரிகை போல் சிலிர்த்து, சீறிக்கொண்டே பின்வாங்கிக் கடித்தால் அது அச்சம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. விளையாட்டுக் கடிக்கு எல்லை காட்ட வேண்டும். அஞ்சிக் கடிப்பதற்கு எல்லை காட்டப் போனால் அச்சம்தான் கூடும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. மிளகைத் தூக்கினால் சில நொடிகள் அமைதியாக இருக்கும், பிறகு தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், நெளியும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய சதையைத் தேடிக் கவ்வும். நான் உடனே இறக்கிவிடுவேன். 'கடித்தால் இறக்கிவிடுவார்கள்' என்று பழைய வீட்டில் கற்ற பாடத்தை நானும் ஒவ்வொரு நாளும் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன். இதற்கு வழி, தலையைத் திருப்பும் முதல் அறிகுறியிலேயே, பல் படுவதற்கு முன்னதாகவே, அமைதியாக இறக்கிவிடுவது. தவறிக் கடித்துவிட்டால் துவாலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அது நெளிவதை நிறுத்தும் அந்த நொடிவரை பொறுத்திருந்து, பிறகு கீழே விடுங்கள். அமைதியாக இருந்தால்தான் விடுதலை என்பது அதற்கு மெல்ல மெல்லப் பிடிபடும்.

பழக்கத் தொடங்கும் முன் உடல்நலத்தைச் சரிபாருங்கள். பல் வலி, காதுச் சிற்றுண்ணி, வயிற்று நோவு என்று எது இருந்தாலும் தொட்டவுடன் கடிக்கும். கருத்தடை செய்யாத ஆண், இனப்பெருக்கக் காலத்தில் முரட்டுத்தனமாகும். பெண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்; இணை சேராமல் சினைப்பருவம் நீண்டுகொண்டே போனால் இரத்தச்சோகை வந்து உயிரே போய்விடும். முகம் முழுதும் வெள்ளையாகவோ நெற்றியிலிருந்து பிடரிவரை வெள்ளைப் பட்டையோடோ இருப்பவற்றில் பல பிறவியிலேயே காது கேளாதவை. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அத்தகையவற்றை எழுப்பும்போது தரையை விரலால் தட்டுங்கள், அதிர்வு போதும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஃபெரெட் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். ஆகவே வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றாலும் தனியார் மருத்துவரிடம் சென்றாலும், அயல்நாட்டுச் சிறு பிராணிகளைப் பார்ப்பவர் யார் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய்க்கான பாதுகாப்பையும் அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். டிஸ்டெம்பர் வந்த ஃபெரெட் பிழைப்பது அரிது. எங்கள் தெருவில் சளி வடியும் நாய்க்குட்டிகள் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். அவற்றைத் தொட்டால் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் கூண்டருகே போகிறேன்.

வெயிலை நம் ஊரில் ஒரு தனிக் காரணமாகவே கொள்ள வேண்டும். ஃபெரெட் நம்மைப் போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாத பிராணி. அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தவிப்புத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அதை வைத்துவிட்டு, கடிக்கிறதே என்று குறைசொல்வது நியாயம் அன்று. ஏசி ஓடும் அறை வேண்டும். மின்சாரம் போனால் உதவ, உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். கோடை முழுவதும் அறையைக் குளிராக வைக்க இயலாதவர்கள் ஃபெரெட்டை ஏற்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. இதைக் கடுமையாகவே சொல்கிறேன். (கீரி போல இருக்கிறதே, கீரியையே பிடித்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. கீரி 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் காட்டு உயிர். ஃபெரெட் மனிதரோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்து பழகிய வளர்ப்பு இனம்.)

முதல் மூன்று நாட்கள் தூக்க வேண்டாம். ஆட்கள் நடமாடும், ஆனால் இரைச்சல் இல்லாத அறையில் கூண்டை வைத்து, நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய பனியனைத் தூளி போலக் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். ஃபெரெட்டின் கண் பார்வை மங்கல். மூக்குதான் அதற்கு உலகம். அது உங்கள் வாடையில் உறங்கி எழட்டும். நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி என்பதால் தூக்கத்தில் தொடாதீர்கள். தானே எழுந்து சோம்பல் முறித்து, கழித்து, உண்ட பிறகே உங்கள் முறை.

நான்காம் நாளிலிருந்து, காலையும் மாலையும் உணவு உண்டபின் சிறிய அறை ஒன்றில் தரையில் உட்காருங்கள். குளியலறை இதற்கு ஏற்றது. ஆனால் தண்ணீர் போகும் துளையைக் கட்டாயம் அடைத்துவிடுங்கள். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, ஒன்றும் செய்யாமல் இருங்கள். அது உங்கள் முழங்காலை முகரும், ஏறி இறங்கும், கால்சட்டையைக் கடித்துப் பார்க்கும். பத்து நிமிடம் போதும்.

அடுத்து மரக்கரண்டி. நீளக் காம்புள்ள சமையல் கரண்டியின் நுனியில், பூனைகளுக்கு விற்கும் கோழி கிரீமையோ வெந்த முட்டை மஞ்சளைக் கோழிச் சாற்றில் குழைத்ததையோ தடவி நக்கக் கொடுங்கள். நாளுக்கு நாள் கரண்டியைக் குறுக்கிப் பிடித்து, பிறகு மூடிய கையின் புறத்தில் தடவி, கடைசியில் விரித்த உள்ளங்கையில் கொடுங்கள். நக்கும் வாயால் அதே நொடியில் கடிக்க முடியாது. கை என்பது கவ்வும் பொருள் அன்று, நக்கும் இடம் என்று அது பழகிவிடும். மிளகு கரண்டியிலிருந்து உள்ளங்கைக்கு வர பதினெட்டு நாட்கள் எடுத்துக்கொண்டது. இறைச்சித் துண்டுகளை விரலில் பிடித்து ஊட்டாதீர்கள். விரலுக்கும் இறைச்சிக்கும் வேறுபாடு தெரியாது. இதை நான் காசிமேட்டுச் சங்கரா மீனால் கற்றேன். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய கையைச் சோப்பில்லாமல் அலசிவிட்டுக் கூண்டுக்குள் நீட்டினேன். மிளகு ஓடி வந்து முகர்ந்தது, பிறகு உணவென்றே கவ்வியது. பிழை முழுக்க என்னுடையது.

உணவு விஷயத்தில் ஒன்று கண்டிப்பு. தயிர் சாதம், பால், பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் வேண்டாம். முழு ஊனுண்ணி, குடல் குட்டையானது, உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஆகவே கோழி இறைச்சியோ ஈரலோ, புரதம் மிகுந்த பூனைக்குட்டி உணவோ எப்போதும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். பசியில் இருக்கும்போது பழக்க முயன்றால் கடிதான் மிஞ்சும்.

தூக்கும் முறையும் முக்கியம். காசிமேட்டுத் துறைமுகத்தின் மேல் வட்டமிடும் பருந்துகள் மீனைப் பறிப்பதுபோல மேலிருந்து கையை இறக்காதீர்கள். பக்கவாட்டில், தரையோடு தரையாகக் கையைக் கொண்டு சென்று, ஒரு கையால் முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சையும் மறு கையால் பின்னுடலையும் தாங்குங்கள். முதல் நாள் மூன்று நொடி, அடுத்து ஐந்து நொடி என்று தூக்கி இறக்குங்கள். தூக்கியவுடன் நக்குவதற்கு ஒரு துளி கொடுங்கள். தடித்த தோல் கையுறை கூண்டை மாற்றும்போது மட்டும் போதும் என்பது என் கருத்து. அதை அணிந்தே பழக்கினால் அது கையுறையின் வாடைக்குத்தான் பழகும்.

விளையாட்டுக் கடிக்கு, 'வேண்டாம்' என்று ஒரே சொல்லை உரத்துக் கத்தாமல் அழுத்திச் சொல்லி, உடனே தனியாக வைத்திருக்கும் கூடையில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். அது உறங்கும் கூண்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வீடு தண்டனைக் கூடமாகிவிடும். வெளியே விட்டதும் கையால் விளையாடாமல் பழைய காலுறையை முடிச்சுப் போட்டு இழுத்து விளையாடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். என் மாமியார் முதலில், "ரெண்டு தட்டு தட்டினா அடங்கும்பா" என்றார். அடிபட்ட ஃபெரெட் கையைப் பார்த்தாலே அஞ்சும், அஞ்சினால் இன்னும் ஆழமாகக் கடிக்கும் என்று விளக்கியபின் அவரே மரக்கரண்டியை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். என்னைவிடப் பொறுமை அவருக்கு அதிகம். சிறு பிள்ளைகளை மட்டும் பெரியவர் துணையின்றி அருகே விடாதீர்கள், முகத்தருகே ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் யாருக்கேனும் ஃபுளூ காய்ச்சல் என்றால் அவர் விலகி இருக்கட்டும். அது மனிதரிடமிருந்து ஃபெரெட்டுக்குத் தொற்றும்.

சிலவற்றுக்கு மூன்று வாரம், அடிபட்டு வந்தவற்றுக்குச் சில மாதம் ஆகலாம். இடையில் ஒரு நாள் மீண்டும் கடித்தால் இரண்டு படி பின்சென்று கரண்டியிலிருந்து தொடங்குங்கள். நகம் வெட்டும் நாளில் எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மடியில் மல்லாக்கக் கிடத்தி, வயிற்று மயிரில் ஒரு துளி கிரீமைத் தடவுங்கள். அது தலையை வளைத்துத் தன் வயிற்றையே நக்கிக்கொண்டிருக்கும்போது, நகத்துக்குள் தெரியும் சிவப்பு நரம்பைத் தொடாமல் நுனியை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டிவிடலாம்.